என்ன கம்பெனிங்க நல்லது?

ஹார்டுவேர் கடையில் சற்று நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. கேட்பவர் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவராக இருப்பார். இல்லையென்றால், பணி ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி அதில் வைஸ் மாட்டியவராக இருப்பார். மேட்டூரில் இரண்டாவது வகைக்குக் குறைவே இல்லை. அனல் மின் நிலையம், கெமிக்கல்ஸ், மால்கோ என்று முப்பது வருஷம் பிட்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் உழைத்த கை வீட்டில் சும்மா இருக்காது. ஆனால் ஆலை ஸ்டோரில் சீட்டு எழுதிக் கொடுத்துக் கருவி வாங்குவது வேறு, சொந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் பொறுக்கி எடுப்பது வேறு.

எல்லாக் கருவிக்கும் நல்ல கம்பெனி என்று ஒன்று கிடையாது. பிளேயரில் பேர் வாங்கிய கம்பெனி டிரில்லிங் மிஷின் செய்யாமலே இருக்கலாம். மிஷினில் பேர் வாங்கிய கம்பெனியின் பெட்டிக்குள் இலவசமாக வரும் பிட் சில சமயம் செங்கல்லுக்கே மழுங்கிவிடும். அதனால் நான் கருவிக்குக் கருவி இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். வேலையைத் தொடுகிற முனை என்ன உலோகம்? கெட்டுப்போனால் உதிரி எந்த ஊரில் கிடைக்கும்?

முதலில் கைக்கருவி. வீட்டுக்கு வேண்டியது கட்டிங் பிளேயர் ஒன்று, தட்டை முனையிலும் நட்சத்திர முனையிலும் ஸ்க்ரூ டிரைவர் இரண்டிரண்டு, டெஸ்டர் ஒன்று. இவற்றுக்குத் தமிழ்நாட்டில் எலக்ட்ரீஷியன்களின் பையைத் திறந்து பார்த்தாலே விடை தெரியும். பெரும்பாலும் தபாரியா இருக்கும். ஸ்வீடன் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்தோடு 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்தியக் கம்பெனி அது. நாசிக்கில் தொழிற்சாலை இருக்கிறது. லூதியானாவின் பை (Pye) கம்பெனி பிளேயரைத்தான் பிடிப்பேன் என்கிறவர்களும் உண்டு. ஸ்டான்லி பளபளப்பாக இருக்கும், பிடி கைக்கு இதமாக இருக்கும், விலை கூடுதல். (நம் ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்கும் இந்த ஸ்டான்லிக்கும் சம்பந்தமில்லை. அணைக்குப் பேர் தந்தவர் சென்னை மாகாண கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி. கருவிக் கம்பெனி 1843இல் அமெரிக்காவில் பிரெடரிக் ஸ்டான்லி தொடங்கியது.) வீட்டு உபயோகத்துக்கு இந்த மூன்றில் எது வாங்கினாலும் குறையில்லை. தபாரியா விலைக்கு மிஞ்சி உழைக்கும் என்பது என் கணிப்பு.

எந்தப் பேர் போட்டிருந்தாலும் கடையிலேயே சோதித்துத்தான் வாங்க வேண்டும். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வாயின் நுனி சேர்ந்திருக்க வேண்டும். வெட்டும் பகுதியில் கோடுபோல வெளிச்சம் தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிறகு பில் தாளில் ஒரு துண்டு கிழித்து வெட்டும் பகுதியில் வைத்து அமுக்குங்கள். தாள் சுத்தமாக அறுபட வேண்டும். மடங்கி நசுங்கினால், ஒயரிங் செய்யும்போது மெல்லிய செம்புக் கம்பியும் அப்படித்தான் நசுங்கும். கடைசியாக, ஆணி இருக்கும் மூட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். திறந்து மூடும்போது லேசாக ஓட வேண்டும், பக்கவாட்டில் ஆடவே கூடாது. ஸ்க்ரூ டிரைவரின் தட்டை முனையைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு ஓரமும் நேராக, மூலை கூர்மையாக இருக்க வேண்டும். மூலை உருண்டிருந்தால் முதல் இறுக்கமான திருகிலேயே வழுக்கித் திருகின் தலையைக் கெடுத்துவிடும்.

எலக்ட்ரிக் வேலை செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளேயரின் சிவப்பு உறை ஷாக் அடிக்காமல் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண பிளேயரில் அந்த உறை பிடிமானத்துக்குத்தான். மின்சாரத்தைத் தாங்கும் என்று சோதித்துத் தந்த பிளேயரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அந்தக் குறி இல்லாவிட்டால் மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள். குறி இருந்தாலும் அணைத்துவிட்டே வேலை செய்யுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதற்காகக் கம்பியில் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. எரிகிற இன்னொரு இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். டெஸ்டரே போயிருக்கலாம்.

ஸ்பேனருக்கு அதிக யோசனை வேண்டாம். தபாரியா, ஜலானி, ஈஸ்ட்மேன் எல்லாமே வீட்டுக்குத் தாராளம். உடம்பில் குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழு செட் வாங்குவதைவிட 8 முதல் 19 வரை டபுள் எண்டு ஒரு வரிசை, அதே அளவில் ரிங் ஸ்பேனர் ஒரு வரிசை போதும். மோட்டார், சைக்கிள், கேட், தண்ணீர்த் தொட்டி வால்வு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அரத்துக்கு ஜேகே. அளவு டேப்புக்கு லூதியானாவின் ப்ரீமேன்ஸ். ஐந்து மீட்டர் டேப்பே போதும்.

அளக்கும் கருவியில் பேரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுவது சுலபம். மூலைமட்டத்தை ஒரு பலகையின் நேர் ஓரத்தில் சாய்த்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியில் மறுபடியும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப்போகப் பிரிந்தால் பிரிகிற அளவில் பாதிதான் அதன் கோணல். ரசமட்டத்தையும் அப்படியே சோதிக்கலாம். கடை மேஜை மேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி முன்பு நின்ற பக்கமே நின்றால் மேஜைதான் சாய்வு. மட்டத்தோடு சேர்ந்து குமிழியும் பக்கம் மாறினால் மட்டம் கோளாறு. எட்டு மட்டத்தை வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்து வந்தவன் நான். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனால் அந்த மட்டத்தை வைத்துப் போட்ட அலமாரிகள் இன்றும் நேராக நிற்கின்றன.

இனி கரண்டில் ஓடும் மிஷின்கள். பல வருஷம் முன்பு ஒரு விற்பனை மேளாவில் 850 வாட் என்று பெரிய எழுத்தில் போட்ட டிரில்லிங் மிஷின் ஒன்று வாங்கினேன். நூறு சாமான் அடங்கிய பெட்டியோடு, பேர் பெற்ற 500 வாட் மிஷினின் பாதி விலையில் கிடைத்தது. எட்டு மாசம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு மேல் துளை போடும்போது வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. ஆர்மேச்சர் போய்விட்டது. மேட்டூரில் கேட்டேன், பஸ் ஏறிச் சேலத்துக்கும் போனேன். மூன்றாவது கடைக்காரர் மிஷினைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கெல்லாம் ஆர்மேச்சர் வர்றதில்லைங்கண்ணா. புதுசாவே வாங்கிக்கங்க." அந்த மிஷினின் உடம்பு இன்னும் என் சாய்ப்பில்தான் தொங்குகிறது. அதன் சக் மட்டும் வேறொன்றுக்குப் பயன்பட்டது.

வாட் என்பது மிஷின் உறிஞ்சும் மின்சாரம். பிட்டின் முனைக்கு வந்து சேரும் பலம் அல்ல. சுற்று சரியில்லாத மோட்டார் 850 வாட்டை உறிஞ்சிப் பெரும்பகுதியைச் சூடாக்கியே தீர்த்துவிடும். அதனால் வாட்டைப் பார்ப்பதற்கு முன்னால், கடையில் மூன்று உதிரிகளைக் கேளுங்கள். கார்பன், ஆர்மேச்சர், சுவிட்ச். "இந்த மாடலுக்குக் கார்பன் இருக்குங்களா? ஒரு ஜோடி இப்பவே குடுங்க." அந்தக் கணமே எடுத்துத் தந்தால் அந்த மிஷினை வாங்கலாம். "வரவழைச்சுத் தர்றேன்" என்றால் யோசியுங்கள்.

இந்தச் சோதனையில் நம் பக்கம் முதலில் தேறுவது பாஷ் கம்பெனியின் நீல நிற மிஷின்கள். பாஷ் தன் சுத்தியல் டிரில்லை 1932இல் கொண்டுவந்தது. நம் அணையில் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நீல நிறம் தொழிலாளிக்கு, பச்சை நிறம் வீட்டுக்கு என்று அந்தக் கம்பெனி பிரித்து வைத்திருக்கிறது. வீட்டுக்கு என்றாலும் நீலத்தையே வாங்கச் சொல்வேன். சின்ன ஊர்க் கடைகளில் உதிரி இருப்பது அதற்குத்தான், பழுது பார்ப்பவருக்குக் கை பழகியிருப்பதும் அதில்தான். மிஷினின் மேல் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் வாங்குவது சுலபம். ஜிஎஸ்பி என்றால் சுவருக்கும் ஓடும் டிரில், ஜிபிஎச் என்றால் கான்கிரீட்டுக்கான சுத்தியல் டிரில், ஜிடபிள்யூஎஸ் என்றால் ஆங்கிள் கிரைண்டர்.

மகிட்டா 1915இல் ஜப்பானின் நகோயா ஊரில் மோட்டார் விற்று, பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கியது. தச்சு வேலைக்காரர்கள் இழைப்பு மிஷினுக்கு இன்றும் முதலில் சொல்லும் பேர் அதுதான். மர வேலை அதிகம் என்றால் இழைப்பு மிஷினையும் ஜிக்சாவையும் அதில் வாங்கலாம். டிவால்ட், பிளாக் அண்ட் டெக்கர், ஸ்டான்லி மூன்றும் 2010 முதல் ஒரே குடும்பம். அதில் டிவால்ட் தொழிலுக்கு, மற்ற இரண்டும் வீட்டுக்கு ஏற்ற விலையில் வரும். முன்பு ஹிட்டாச்சி என்று வாங்கிய பச்சை மிஷின் 2018 முதல் ஹைகோகி என்ற பேரில் வருகிறது. பழைய ஹிட்டாச்சி வைத்திருப்பவர்கள் உதிரிக்கு இந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். கோலாப்பூர் பக்கத்திலிருந்து வரும் கேபிடி உள்நாட்டுத் தயாரிப்பு. டாங்செங், இங்கோ இரண்டும் சீனத்திலிருந்து வருகின்றன, விலை குறைவு. உங்கள் ஊர்க் கடையில் அவற்றின் கார்பனும் ஆர்மேச்சரும் இருந்தால், மாசத்துக்கு இரண்டு துளை போடுகிறவர் தயங்காமல் வாங்கலாம்.

யாரிடம் யோசனை கேட்கிறோம் என்பதும் முக்கியம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் கேட்டால் அவர்கள் விலை உயர்ந்த கிரைண்டரைச் சொல்வார்கள். காலையில் எடுத்தால் இரவுதான் கீழே வைக்கிறார்கள், அவர்களுக்கு அது சரி. நம் வீட்டில் கிரைண்டர் மாசத்துக்கு அரை மணி நேரம் ஓடினால் அதிகம். பட்டறைக்காரர் சொல்லும் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். மாடலை மட்டும் அதில் சின்னதாகப் பாருங்கள்.

டிரில்லில் என்ன வகை என்பது கம்பெனியைவிடப் பெரிய முடிவு. சாதாரண இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி அதிரும். நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் வேலை நடக்கும். செங்கல் சுவர், மரம், தகரம் எல்லாவற்றுக்கும் அது போதும். லிண்டலிலும் ஸ்லாப்பிலும் அது திணறும். கான்கிரீட்டுக்கு உள்ளே பிஸ்டன் ஓடும் ரோட்டரி ஹாமர் வேண்டும். நாம் சும்மா பிடித்துக்கொண்டால் போதும், காற்றின் அழுத்தத்தில் அதுவே அடிக்கும். அதன் பிட்டின் வால்புறம் பள்ளம் வெட்டியிருக்கும். சாவி இல்லாமல் தள்ளி மாட்டும் எஸ்டிஎஸ் என்ற அந்த முறையை 1975இல் பாஷ் கொண்டுவந்தது, இன்று எல்லாக் கம்பெனியும் அதையே பின்பற்றுகின்றன. கூரையில் நாலு துளை போட மட்டும் அதை வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். வீட்டுக்கு 13 மில்லி சக் வைத்த, வேகம் கூட்டிக் குறைக்கிற சுவிட்சுள்ள இம்பாக்ட் டிரில் ஒன்று போதும். கடையில் ஒரு நீளமான பிட்டை மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைப் பாருங்கள். நுனி வட்டம் போட்டால் பிட் வளைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சக் கோணல். பிட்டை மாற்றியும் வட்டம் போட்டால் அந்த மிஷின் வேண்டாம்.

கார்பன் மாற்றுவதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். பல மாடல்களில் மோட்டாரின் இரண்டு பக்கமும் காசு அளவில் கருப்பு மூடி இருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் ஸ்பிரிங் தள்ளி மூடி எகிறும், விரலால் பொத்திக்கொள்ளுங்கள். உள்ளே கருப்புச் சதுரக் கட்டி ஒன்று வாலில் ஸ்பிரிங்கோடு வரும். ஐந்து மில்லிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது பழைய கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மாடல் எண்ணை வாயால் சொல்லித் தவறான அளவை வாங்கி வருபவர்கள் அதிகம். புதிதாக மாட்டியதும் பிட் இல்லாமல் இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள், கட்டி வளைவுக்கு ஏற்றபடி படிந்துகொள்ளும்.

ஆங்கிள் கிரைண்டர் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். நாலு இஞ்ச் மிஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் வீலின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீல் உடைந்தால் துண்டு அதே வேகத்தில்தான் கிளம்பும். எங்கள் தெருவில் ஒருவர் மேல்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட் கம்பி அறுத்தார். உடைந்த துண்டு அவர் காதோரமாகப் போய்ப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைத்தது. ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். கவசத்தைக் கழற்றினால்தான் பெரிய வீல் மாட்ட முடியும் என்று அதைச் செய்கிறார்கள். செய்யவே கூடாது. ஐந்து இஞ்ச் வீலுக்கென்று அனுமதித்த சுற்று குறைவு, அதன் நடுத் துளையும் வேறு அளவு. மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடை இதில் மாட்டுவது அதைவிட மோசம், பல் மரத்தில் சிக்கினால் மிஷின் கையைவிட்டுத் துள்ளும். கிரைண்டர் வாங்கும்போது கம்பெனியைவிடக் கவசம் கெட்டியாக நிற்கிறதா, சுவிட்சைக் கையுறை போட்ட விரலால் அணைக்க முடிகிறதா என்பதைப் பாருங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடியையும் அதே பில்லில் சேர்த்து வாங்குங்கள்.

கருவிக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை வீலுக்கும் பிட்டுக்கும் எடுத்து வைக்கச் சொல்வேன். இதில் நாம் வெளியூரைத் தேட வேண்டியதில்லை. கட்டிங் வீலுக்கு முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் இருக்கிறது, 1954இல் சென்னையில் தொடங்கியது. கடையில் குமி என்று கேட்டால் தருவார்கள். இரும்பு துளைக்கும் பிட்டுக்குச் சென்னையின் அடிசன் இருக்கிறது, 1873இல் தொடங்கிய பழைய பேர். மிராண்டாவும் நல்ல பிட். எச்எஸ்எஸ் என்று பொறித்த அடிசன் பிட் ஆறு இருந்தால், நூறு பிட் அடங்கிய பளபளப்பான பெட்டி தேவையே இல்லை. பேர் பெற்ற வீல்களில் நடு உலோக வளையத்தில் மாசமும் வருஷமும் பொறித்திருக்கும். அந்தத் தேதிக்கு அப்புறம் மாட்டக் கூடாது. ஈரம் பட்டால் ஒட்டியிருக்கும் பிசின் பலம் இழந்துவிடும், ஐப்பசி மழையில் சாய்ப்புத் தரையில் போட்டு வைக்காதீர்கள்.

பேட்டரி மிஷின் வாங்குவது பெண் எடுப்பது மாதிரி. ஒருமுறை ஒரு கம்பெனி பேட்டரியை வாங்கிவிட்டால் அடுத்தடுத்த மிஷினும் அங்கேதான். பொதுவாக ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது. பாஷ் கம்பெனிக்குள்ளேயே நீலப் பேட்டரி பச்சை மிஷினில் ஏறாது. பெட்டியில் ஒருவர் 18 வோல்ட் என்றும் இன்னொருவர் 20 வோல்ட் என்றும் போட்டிருந்தால் இருபதுதான் பலம் என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் உள்ளே ஐந்து செல் வரிசைதான். செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18 வரும், சார்ஜ் நிறைந்த நேரத்தின் அளவைச் சொன்னால் 20. மேட்டூர் சித்திரை வெயிலில் தகரச் சாய்ப்புக்குள் பேட்டரியை விட்டு வைத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும், வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். எப்போதாவது ஒருமுறை எடுக்கிறவருக்கு ஒயர் மிஷின்தான் நல்லது. இரண்டு வருஷம் தொடாமல் வைத்து எடுத்தாலும் அது ஓடும்.

போலிகளும் உலவுகின்றன. பேர் பெற்ற கம்பெனிக்குத்தான் போலி வரும். எழுத்து மங்கி அச்சாகியிருப்பது, பெட்டியிலும் மிஷினிலும் வரிசை எண் வேறுபடுவது, வாரண்டி அட்டையில் முத்திரை போடக் கடைக்காரர் தயங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, பழைய சாமான். ஓய்வு பெற்ற பிட்டர் வீட்டைக் காலி செய்யும்போது ஸ்பேனரும் வைஸும் எடைக்குப் போகின்றன. ஸ்பேனரை வாங்குங்கள், வாய் விரியாமல் இருந்தால் போதும். ஒரு புது போல்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள். பழைய அலுமினிய உடம்பு ராலிவுல்ப் டிரில் கிடைத்தால், மூன்று பின் பிளக்கும் எர்த் கம்பியும் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள். இப்போது வரும் பிளாஸ்டிக் உடம்பு மிஷின்களில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும், அவை இரட்டைக் காப்பு உள்ளவை. பழைய உலோக உடம்புக்கு எர்த் ஒன்றுதான் காவல். வைஸ் என்றால் வாயை முழுக்கத் திறந்து, முன்தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சற்று ஆட்டம் இருக்கும், பரவாயில்லை. திருகைச் சுற்றும்போது கைப்பிடி கால் சுற்றுக்கு மேல் சும்மா சுற்றிவிட்டு அதன் பிறகே தாடை நகர்ந்தால் நட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடம்பில் விரிசலைத் தேட, சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுங்கள். நல்ல வார்ப்பு மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது மண்பானை மாதிரி மந்தமாகக் கேட்கும்.